ஏழு நோ-பாலும் ஒரு முழங்கையும்

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ பாம்பன் டீக்கடையில ஒரு சண்டை. கைகலப்பெல்லாம் இல்லை, வாய்ச்சண்டைதான். டிவியில டெஸ்ட் மேட்ச் ஓடிக்கிட்டிருந்தது. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவுல 60, 59, 58ன்னு எண்கள் குறைஞ்சுக்கிட்டே வந்தது. இந்த ஸ்டாப் கிளாக் 2023 டிசம்பர்ல சோதனையா ஆரம்பிச்சு, 2024-ல் ஒருநாள் போட்டிக்கும் டி20க்கும் நிரந்தரமாகி, 2025-ல் டெஸ்ட்டுக்கும் வந்திடுச்சு. அறுபது செகண்டுக்குள்ள அடுத்த ஓவரை ஆரம்பிக்கலைன்னா ரெண்டு எச்சரிக்கை, மூணாவது தடவை அஞ்சு ரன் தண்டம்.

"அது என்னப்பா, பரீட்சை ஹாலா? மணி அடிச்சு பேப்பரை புடுங்குறாக?" இது ஒரு மாமா. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அதே பெஞ்சுல அதே மூலையில உட்கார்றவர்.

"உங்க காலத்துல ஒருநாளைக்கு எழுபது ஓவர் போட்டுட்டு, மிச்ச நேரத்துக்கு ஃபீல்டிங்கை மாத்தி மாத்தி வச்சே ஓட்டிருவாங்க மாமா. எவன் பாக்குறது?" இது ஒரு பொடியன்.

"அம்பயர்னு ஒருத்தர் நிக்கிறார்ல? அவருக்குத் தெரியாதா எவன் வேணும்னே இழுக்குறான்னு?"

நான் வாயைத் திறக்கலை. மாமா கேட்ட அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. இருபது வருஷத்துக்கும் மேல உள்ளுக்குள்ளேயே கிடக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

எங்க பக்கத்துக்கும் இலங்கைக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடியிலேர்ந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். எண்பதுகள்ல எங்க ஊர்ல ஒண்ணு ரெண்டு வீட்டுலதான் டிவி. மெட்ராஸ் தூர்தர்ஷன் புள்ளி புள்ளியா வரும். ஆண்டெனாவைக் கொஞ்சம் தென்கிழக்கால திருப்பினா ரூபவாஹினி பளிச்சுனு வரும். அது 1982-ல் ஆரம்பிச்ச டிவி. சிங்களம் ஒரு வார்த்தை புரியாட்டியும் கிரிக்கெட் புரியும். அதனால எங்க பசங்களுக்கு கவாஸ்கர், கபில் எவ்வளவு பழக்கமோ, அதே அளவுக்கு ரணதுங்கவும் அரவிந்த டி சில்வாவும் பழக்கம். இது சென்னைக்காரங்களுக்குச் சொன்னா ஆச்சரியப்படுறாங்க. இத்தனைக்கும் 1952-53லேயே மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் கோபாலன் டிராஃபின்னு ஒரு ஆட்டம் வருஷா வருஷம் ஆட ஆரம்பிச்சாங்க. இலங்கை தன்னோட முதல் டெஸ்ட் ஆடுறதுக்கு (1982) கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னாடி அது.

இப்ப 1995-க்கு வருவோம். டிசம்பர் 26. எங்க பக்கத்து கடற்கரை கிராமங்கள்ல கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவ்வளவா யாரும் கடலுக்குப் போகாத நாள். சாயங்காலம் ரேடியோவுல இலங்கைச் செய்தி. மெல்போர்ன் டெஸ்ட்ல முத்தையா முரளிதரன் பந்தை எறியறார்னு ஆஸ்திரேலிய அம்பயர் டேரல் ஹேர் ஏழு தடவை நோ-பால் கொடுத்திட்டார். மூணு ஓவருக்குள்ள ஏழு. ஐம்பதாயிரம் பேருக்கு மேல உட்கார்ந்திருக்கிற மைதானம். பந்து போடுற பையனுக்கு வயசு 23.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. முரளி பந்து போட்ட பக்கத்திலேயே நின்னுக்கிட்டுதான் ஹேர் நோ-பால் கொடுத்தார். வழக்கமா இதைப் பக்கவாட்டுல ஸ்கொயர் லெக்ல நிக்கிற அம்பயர்தான் பார்ப்பார், கை அங்கேர்ந்துதான் நல்லா தெரியும். ரணதுங்க என்ன பண்ணினார்? முரளியைத் தூக்கி அடுத்த முனைக்கு மாத்தினார். அங்க நின்ன நியூசிலாந்து அம்பயர் ஸ்டீவ் டன் ஒண்ணுமே சொல்லலை. ஓவர் ஓவரா போட்டார், ஒரு நோ-பால்கூட இல்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரே மைதானம். இந்த முனையில குற்றம், அந்த முனையில குற்றமில்லை!

பத்து நாள் கழிச்சு, 1996 ஜனவரி 5, பிரிஸ்பேன்ல மேற்கிந்தியத் தீவுகளோட ஒருநாள் போட்டி. ராஸ் எமர்சன்னு ஒரு அம்பயர், அவருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். மறுபடியும் நோ-பால் மேல நோ-பால். முரளி ஆஃப் ஸ்பின்னை விட்டுட்டு லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். அப்படிப் போடும்போது கை எறியறதுக்கே வழியில்லைன்னு தெரிஞ்சவங்க சொல்வாங்க. அதுக்கும் நோ-பால்.

எங்க பக்கம் இதை யாரும் வெறும் கிரிக்கெட் செய்தியா எடுத்துக்கலை. முரளியோட தாத்தா தமிழ்நாட்டுலேர்ந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அந்தக் காலத்துல அப்படிப் போனவங்க பெரும்பாலும் எங்க மண்ணை மிதிச்சுத்தான் போகணும். மண்டபத்துல முகாம் வச்சு, நோய் நொடி இருக்கான்னு பார்த்து, அப்புறம்தான் கப்பல் ஏத்துவாங்க. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததுக்கு அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கேர்ந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோற வரைக்கும் அந்த வழி இருந்தது. அதே மண்டபம் முகாம்லதான் 1983-க்கு அப்புறம் அங்கேர்ந்து ஓடிவந்த அகதிகளும் தங்கினாங்க. (முரளியை வச்சு இங்க நடந்த அரசியலுக்குள்ள நான் போகலை. 2020-ல் '800' படத்துலேர்ந்து விஜய் சேதுபதி விலகினதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இந்தப் பதிவு முழங்கையைப் பத்தி மட்டும்.)

இனி விதிக்கு வர்றேன். பலபேர் தப்பா புரிஞ்சுவச்சிருக்கிற இடம் இது. நானும் அப்படித்தான் புரிஞ்சுவச்சிருந்தேன். பந்து போடும்போது கை மடங்கியிருந்தா அது 'எறி'ன்னு நினைச்சோம். அப்படி இல்லை. மடங்கிய கையோட எவ்வளவு வேணும்னாலும் போடலாம். மடங்கின கையைப் பந்தை விடும்போது நீட்டினாத்தான் குற்றம். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசா நீளாது. மடங்கியே வந்து, மடங்கியே போற கை. மணிக்கட்டோ எந்தப் பக்கமும் சுழலும். பார்க்கிற கண்ணுக்கு அது எறியற மாதிரியே தெரியும். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துலயும் ஹாங்காங்லயும் சோதிச்சுப் பார்த்துட்டு, அது கண்ணோட மயக்கம்னு சொன்னாங்க.

முன்னாடி இதுக்கெல்லாம் வழியே கிடையாது. அம்பயர் கண்ணுக்குத் தப்பா பட்டா கதை முடிஞ்சது. 1963 டிசம்பர்ல பிரிஸ்பேன்ல இயன் மெக்கிஃப்னு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர். ஒரே ஓவர்ல நாலு தடவை நோ-பால் கொடுத்தார் அவங்க நாட்டு அம்பயரே, காலின் ஈகர். அந்த ஓவரோட சரி, மெக்கிஃப் கிரிக்கெட்டையே விட்டுட்டார். 1960-ல் லார்ட்ஸ்ல தென்னாப்பிரிக்காவோட ஜெஃப் கிரிஃபின் கதை இன்னும் கொடுமை. அதே டெஸ்ட்ல ஹாட்ரிக் எடுத்தார், அதே டெஸ்ட்ல எறியறார்னு நோ-பாலும் வாங்கினார். அதுக்கப்புறம் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

முரளிக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆகாம போனதுக்குக் காரணம் ரணதுங்க. 1999 ஜனவரி 23, அடிலெய்டு, இங்கிலாந்தோட ஒருநாள் போட்டி. அதே எமர்சன், இந்தத் தடவை ஸ்கொயர் லெக்லேர்ந்து நோ-பால் கொடுத்தார். ரணதுங்க விரலை நீட்டி நீட்டிப் பேசினார், அப்புறம் மொத்த டீமையும் கூட்டிக்கிட்டு பவுண்டரி வரைக்கும் நடந்தார். ஆட்டம் நின்னுபோச்சு. கால் மணி நேரம் போல பேச்சுவார்த்தை, ஃபோன். திரும்ப வந்து ஆடினாங்க. இங்கிலாந்து எடுத்த 302-ஐ ஒரு விக்கெட் மிச்சம் வச்சு இலங்கை தாண்டினது. ஜெயவர்தன 120. ரணதுங்க பண்ணினது ஒழுங்கான்னு கேட்டா, இல்லைதான். எல்லா கேப்டனும் இப்படி நடந்தா ஆட்டம் நடக்காது. ஆனா அன்னைக்கு அவர் நடக்கலைன்னா, 800 விக்கெட்டுங்கிற கணக்கு வந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

அம்பயர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாகணும். நம்ம சேப்பாக்கத்துலேயே ஒரு கதை இருக்கே. 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவோட டெஸ்ட், அஞ்சாம் நாள், ஜெயிக்க 348. அப்பல்லாம் கடைசி ஒரு மணி நேரத்துல 20 ஓவர் கட்டாயம் போடணும் (இப்ப 15). அந்த விதியே எதுக்கு வந்ததுன்னா, தோக்குற மாதிரி இருந்தா பந்து போடாம இழுத்தடிக்கிறதைத் தடுக்கத்தான். அந்த விதி இருந்ததாலதான் அந்தக் கடைசி ஓவரே நடந்தது. ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரை சமமாக்கினார். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்தது, ஓவரோட அஞ்சாவது பந்து, கிரெக் மேத்யூஸ் போட்டது காலில் பட, அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிட்டார். 347, டை. பேட்டுல பட்டுச்சுன்னு மணிந்தர் இன்னிக்கும் சொல்றார். விக்ரம்ராஜு அதுக்கப்புறம் எந்த டெஸ்ட்லயும் நிக்கலை. ஒரு நொடியில தூக்கின விரல், வாழ்நாள் முழுக்க அதுக்குப் பதில் சொல்லணும். அதே வருஷம் நவம்பர்ல லாகூர்ல பாகிஸ்தான்-மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட்டுக்கு நம்மாளுங்க ரெண்டு பேர், வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும், பொது அம்பயர்களா போய் நின்னாங்க. சொந்த ஊர் அம்பயர்ங்கிற சந்தேகம் போக, 2002 வரைக்கும் ஆச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன்.

2003 மே மாசம். மீன்பிடித் தடைக்காலம், அப்ப 45 நாள். படகெல்லாம் கரையில நிக்கும், பசங்க எல்லாரும் ஊர்ல இருப்பாங்க. எங்க பக்கம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் எல்லாம் அந்த நாள்லதான் நடக்கும். 12 ஓவர் மேட்ச். விதிப்புத்தகம் படிச்சவன்னு ஒரு பேர் எனக்கு இருந்ததால என்னை அம்பயரா நிறுத்திட்டாங்க. அரையிறுதி. ஒரு பக்கம் உள்ளூர் டீம் ஒண்ணு, இன்னொரு பக்கம் அகதி முகாம் பசங்க. அவங்க ஆறு மணிக்குள்ள முகாமுக்குத் திரும்பிடணும். அது எல்லாருக்கும் தெரியும்.

முகாம் பசங்க முதல்ல ஆடி நல்ல ஸ்கோர். உள்ளூர் டீமுக்குக் கடைசி மூணு ஓவர்ல முப்பது ரன் மாதிரி வேணும். மணி அஞ்சரை. அப்ப ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் ஷூ லேஸைக் கட்டுறான். ஒருத்தன் தண்ணி கேக்குறான். பேட் மாத்துறான். கருவேலங்காட்டுக்குள்ள போன பந்தைத் தேடுறதுக்கு அஞ்சு நிமிஷம். வேணும்னே இழுக்குறாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். 'சீக்கிரம் வாங்கப்பா'ன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவ்வளவுதான். தண்டம் போடுற அதிகாரம் இருந்தும் போடலை. உள்ளூர்க்காரங்களாச்சே, நாளைக்கு முகத்துல முழிக்கணுமே.

பந்து போட வந்தது பதினேழு பதினெட்டு வயசுத் தம்பி. அவங்கள்ல நல்ல பௌலர் அவன்தான். ஆஃப் ஸ்பின். கை கொஞ்சம் மடங்கி வரும். முதல் பந்து போட்டதும் வெளியே உட்கார்ந்திருந்தவங்க 'மாங்கா! மாங்கா!'ன்னு கத்த ஆரம்பிச்சாங்க. மாங்கா அடிக்கிற மாதிரி எறியறானாம். காலையில மேட்ச்லயும் அதே கைதான், அப்ப யாரும் கத்தலை. நானும் கொடுக்கலை. ரெண்டாவது பந்து, நோ-பால் கொடுத்தேன். அடுத்தது, நோ-பால். அதுக்கடுத்ததும். அப்ப எனக்குள்ள ஒரு கம்பீரம் வந்துச்சு பாருங்க, விதியைக் காப்பாத்துறவன் மாதிரி! கண்ணு என்ன பார்த்துச்சுன்னு இன்னிக்குக் கேட்டா எனக்குச் சத்தியமா தெரியலை. காது கேட்டது மட்டும் தெரியும்.

அந்தத் தம்பி கோபப்படலை. பக்கத்துல வந்து, "அண்ணை, முரளி போடுறது மட்டும் சரியோ?"ன்னான்.

"அம்பயர் சொன்னா சொன்னதுதான் தம்பி"ன்னேன்.

கேப்டன் வேற ஒருத்தனைப் போட வச்சார். ஒரு ஓவர் மிச்சம் இருக்கும்போது ஆறு ஆகப்போகுதுன்னு அவங்க கிளம்பிட்டாங்க. ஆட்டத்தைப் பாதியில விட்டாங்கன்னு கமிட்டி உள்ளூர் டீமுக்கே கொடுத்திடுச்சு. நானும் சரின்னு தலையாட்டினேன். அடுத்த வருஷ டோர்னமெண்ட்டுக்கு முகாம் டீம் வரலை.

ஒன்றரை வருஷம்தான். 2004 நவம்பர்ல ஐ.சி.சி. ஒரு ஆய்வை வெளியே விட்டது. அதிவேகக் கேமரா வச்சுப் பார்த்தா, பந்து போடுற கிட்டத்தட்ட எல்லாருமே கையைக் கொஞ்சம் நீட்டத்தான் செய்றாங்க. 'சுத்தமான கை'ன்னு நாம கும்பிட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட. அதுவரைக்கும் சுழல்பந்துக்கு 5 டிகிரி, மித வேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10னு வச்சிருந்தாங்க. அதை எல்லாருக்கும் 15னு மாத்தி 2005 மார்ச்லேர்ந்து கொண்டுவந்தாங்க. ஏன் 15? கிட்டத்தட்ட அந்த அளவு நீண்டாத்தான் மனுஷக் கண்ணுக்கே அது எறின்னு தெரிய ஆரம்பிக்குமாம். அதுக்குக் கீழ உள்ளதைக் கண்ணால பார்த்துச் சொல்றேன்னு சொல்றவர் ஊகிக்கிறார்னு அர்த்தம். அந்தப் பத்திரிகைச் செய்தியை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

முரளிக்காகவே விதியை வளைச்சாங்கன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. பிஷன் சிங் பேடி கடைசிவரை ஒத்துக்கலை. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே 2004-ல் அவரை எறியறவர்னு சொல்ல, முரளி அந்த வருஷ ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போகலை. கை மடங்கி நீளவே முடியாதபடி கவசம் மாட்டிக்கிட்டு கேமரா முன்னாடி எல்லா வகைப் பந்தையும் போட்டுக் காட்டினார். அப்பவும் நம்பாதவங்க நம்பலை. ஒரு ஆளோட வழக்குதான் விதி மாற வழி பண்ணினது, அது உண்மை. ஆனா கேமரா முரளியை மட்டும் அளக்கலையே! அதே 15 டிகிரியாலதான் 2014-ல் சயீத் அஜ்மலும் இலங்கையோட சசித்ர சேனநாயகவும் தடைபட்டாங்க. இப்ப மைதானத்துல கத்தி நோ-பால் கொடுத்து அவமானப்படுத்துறது அநேகமா இல்லை. புகார் எழுதுவாங்க, சோதனைக்கூடத்துல அளப்பாங்க. முரளி 2010 ஜூலை 22-ல் காலியில பிரக்யான் ஓஜாவை ஸ்லிப்ல ஜெயவர்தன கையில பிடிக்க வச்சு, 800-ஓட முடிச்சார்.

அமெரிக்காவுல பேஸ்பால் பார்க்கிறவங்களும் இதே சண்டையைத்தான் போட்டிருக்காங்க. (அங்க எறியறதுதான் ஆட்டமே, முரளி அங்க போயிருந்தா பிரச்சினையே இல்லை :-)) 2010 ஜூன் 2-ல் அர்மாண்டோ கலராகாங்கிற பிட்சர் 26 பேரை வரிசையா அவுட்டாக்கிட்டார். 27-வது ஆளும் அவுட்தான், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இல்லைன்னுட்டார். ஆட்டம் முடிஞ்சு வீடியோ பார்த்துட்டு, நான் தப்பு பண்ணிட்டேன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். மறுநாள் மைதானத்துல கண் கலங்கி நின்னார். நாலு வருஷத்துல வீடியோ மறுபரிசீலனை பெருசா வந்தது. 2023-ல் பந்து எறிய கடிகாரம் வச்சாங்க: ஓட்டக்காரன் யாரும் நிக்கலைன்னா 15 செகண்ட், நின்னா 20. சராசரியா 3 மணி 4 நிமிஷம் ஓடின ஆட்டம் 2 மணி 40 நிமிஷத்துக்கு வந்திடுச்சு. பழைய ரசிகர்கள் எங்க பெஞ்சு மாமா மாதிரியே முணுமுணுத்தாங்களாம்.

கடிகாரம் வந்தா எல்லாம் தீர்ந்துடுமான்னா, அதுவும் இல்லை. 2023 நவம்பர் 6, டெல்லி, உலகக் கோப்பை. ஏஞ்சலோ மேத்யூஸ் உள்ள வந்துட்டார், ஹெல்மெட் வார் அறுந்துபோச்சு, வேற கேட்டார். ஷகிப் அல் ஹசன் அப்பீல் பண்ண, ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு அவுட். சர்வதேசக் கிரிக்கெட்ல அப்படி அவுட்டான முதல் ஆள். வார் அறுந்தப்போ இன்னும் அஞ்சு செகண்ட் இருந்துச்சுன்னு அவர் வீடியோ போட்டார், அம்பயர்கள் இல்லைன்னாங்க. ஆட்டம் முடிஞ்சு ரெண்டு டீமும் கைகூட கொடுத்துக்கலை. இழுத்தடிக்கிறவனைப் பிடிக்கப் போட்ட விதியில மாட்டினது வார் அறுந்தவன்.

இவ்வளவும் தெரிஞ்சும் டீக்கடையில நான் கடிகாரத்துக்குத்தான் ஓட்டு போடுவேன். அன்னைக்கு அஞ்சரை மணிக்கு அந்த மைதானத்துல ஒரு கடிகாரம் இருந்திருந்தா, உள்ளூர்க்காரங்க முகத்தைப் பார்த்திருக்காது.

கிளம்பும்போது மாமாகிட்ட அந்த மேட்ச் நினைவிருக்கான்னு கேட்டேன். இருக்குன்னார். அந்தத் தம்பி குடும்பம் 2010 வாக்குல மன்னாருக்கே திரும்பிப் போயிட்டதாகவும், அவன் அங்க படகு ஓட்டுறதாகவும் யாரோ சொன்னாகளாம். "நல்லா போடுவான்ப்பா அவன். நீதானே அன்னைக்கு அம்பயரு?"ன்னார்.

ஆமான்னேன்.